மூன்று பேர் எண்ணிய சிரிப்பு

(நாடகப் பயிலரங்கு ஒன்றின் நிறைவு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி மைதானத்தில் கோமாளி நாடகம் நடந்தது. நாங்கள் மூன்று பேர் நோட்டும் பென்சிலுமாகப் போனோம். முக்கால் மணி நேர ஆட்டம். கூட்டம் சிரிக்கும்போதெல்லாம் ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் முன்வரிசைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். இன்னொருவர் நடுவில். மூன்றாமவர் கடைசியில், ஆசிரியர்களும் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்த பாட்டிகளும் இருந்த பெஞ்சுகளுக்குப் பின்னால். முடிந்ததும் கோடுகளை எண்ணிப் பார்த்தோம். மூன்று எண்ணிக்கைகளும் ஒன்றுக்கொன்று கிட்டத்தில்கூட இல்லை.

யாரும் கவனம் தப்பவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கோமாளி ஒரு பெட்டியைத் தூக்க வருகிறார். பெட்டி அசைய மாட்டேன் என்கிறது. குழந்தைகள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கைப்பிடி மட்டும் பிய்ந்து அவர் கையோடு வந்துவிடுகிறது. சிரிப்பு மறுபடி ஏறுகிறது. இது ஒரு சிரிப்பா, இரண்டா? நான் ஒன்று என்று போட்டிருந்தேன். நடுவில் இருந்தவர் இரண்டு போட்டிருந்தார். கடைசியில் இருந்தவருக்கு முதல் சிரிப்பு கேட்கவே இல்லை. அவரைச் சுற்றியிருந்த பெரியவர்கள் கைப்பிடி பிய்ந்த பிறகுதான் சிரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

சிரிப்பை அளக்க முடியுமா என்று அன்றைக்குப் பிடித்த கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அளக்க முடியும், அளக்கவும் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோமாளியின் ஆட்டத்தில் சத்தம் போட்டுச் சிரித்த நேரத்தை மட்டும் அளந்தால் பாதி ஆட்டம் கைநழுவிப் போகும். அந்த மறுபாதியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

சிரிப்பைத் தரம் பிரிப்பது நமக்குப் பழைய வேலை. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுக்கும் முதலில் நிற்பது நகை. அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது நூல். முறுவலித்தல், அளவோடு சிரித்தல், பெருகச் சிரித்தல் என்று மூன்று படிகள் வைக்கிறது உரை. நாட்டிய சாஸ்திரம் ஆறு படி வைக்கிறது. மடன் என்பதற்கு உரைகாரர்கள் தரும் விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை. ஒருவர் சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாமல் இருப்பது. 'இந்தக் குடையைக் கொஞ்சம் பிடி' என்று யாரோ சொல்லிவிட்டுப் போக, ஆட்டம் முடியும்வரை அந்தக் குடையைக் கீழே வைக்கத் தெரியாமல் திண்டாடும் கோமாளியை நினைத்துப் பாருங்கள். அதுதான் மடன். அப்புறம், மெய்ப்பாடு என்ற சொல்லையே பாருங்கள். உள்ளே தோன்றியது மெய்யில், அதாவது உடம்பில், தெரிவது. அளப்பவனுக்குக் கிடைப்பதும் உடம்பில் தெரிந்ததுதான்.

சரி, உடம்பில் தெரிவதை எப்படிப் பிடிப்பது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒலி. இன்றைக்கு செல்போனிலேயே டெசிபல் மீட்டர் இருக்கிறது. அரங்கில் வைத்துவிட்டால் எந்த இடத்தில் எவ்வளவு சிரிப்பு என்று கோடு வரைந்து காட்டிவிடும். ஆனால் டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்குப்படி நடக்காது. 200 பேர் சிரித்த அரங்கில் மறுநாள் 100 பேர்தான் வந்தார்கள், அவர்களும் ஆளுக்கு அதே அளவுதான் சிரித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் 3 டெசிபல்தான் குறையும். 20 பேர் வந்தால் 10 டெசிபல் குறையும். கூட்டத்தின் அளவைக் கழித்துப் பார்க்காமல், நேற்றைய ஆட்டம் இன்றையதைவிட நல்ல ஆட்டம் என்று அந்தக் கோட்டைக் காட்டிச் சொன்னால் அது தப்பான கணக்கு. மைக் எங்கே இருந்தது, கூரை தகரமா ஓடா என்பதெல்லாம் அதற்கு மேல்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பாதி காலியான அரங்கில் ஆளுக்கு அதே அளவு சிரிப்பு வரவே வராது. மேரிலாந்தில் பணியாற்றிய நரம்பியல் ஆய்வாளர் ராபர்ட் ப்ரொவைன், கடைவீதியிலும் கல்லூரி வளாகத்திலும் இயல்பாக நடந்த 1,200 சிரிப்புகளைச் சேகரித்துப் பார்த்தார். சிரிப்புக்கு முன்னால் சொல்லப்பட்டவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்கவை 20 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் 'அப்போ நான் கிளம்புறேன்' என்பது போன்ற சாதாரணப் பேச்சு. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்றும் அவர் கண்டார். அப்படியானால் அரங்கில் 200 பேர் சிரித்ததை 200 தனித்தனிச் சாட்சிகளாக எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றாவது வரிசையில் வெடித்துச் சிரிக்கும் இரண்டு பேர் இருந்தால் அந்தப் பக்கம் முழுக்கச் சிரிக்கும். அதே ஆட்டம், அதே கோமாளி, அந்த இரண்டு பேர் மட்டும் வராத இரவில் கோடு படுத்துவிடும்.

சிரிப்பு என்றால் மகிழ்ச்சி என்றும் எழுதிவிட முடியாது. 1962 ஜனவரியில், அன்றைய டாங்கனிக்காவில், அதாவது இன்றைய தான்சானியாவில், கஷாஷா என்ற ஊரின் பெண்கள் விடுதிப் பள்ளியில் மாணவிகள் சிரிக்கத் தொடங்கினார்கள். 159 பேரில் 95 பேருக்குப் பரவியது. சிரிப்போடு அழுகையும் பதற்றமும் சேர்ந்தே வந்தன. மார்ச்சில் பள்ளியை மூட வேண்டியதாயிற்று. ஒலியை மட்டும் பதிவுசெய்திருந்தால் அதை ஒரு கொண்டாட்டம் என்றே நினைத்திருப்போம்.

அதனால்தான் ஆய்வாளர்கள் முகத்தின் பக்கம் போனார்கள். உதட்டோரத்தை இழுக்கும் தசையை நாம் நினைத்தபோது இழுத்துக்கொள்ளலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசை அப்படி எளிதில் சொன்னபடி கேட்காது என்று 1862இலேயே பிரான்ஸின் மருத்துவர் துஷென் எழுதினார். முகபாவத்தை அறியும் இன்றைய மென்பொருள்கள் பலவும் அந்த வழியில் வந்தவை. 2014இல் பார்சலோனாவின் டெயாட்ரெநெவு அரங்கம் இருக்கைகளின் முதுகில் டேப்லெட்டுகளைப் பொருத்தியது. ஒரு சிரிப்புக்கு 30 சென்ட், அதிகபட்சம் 24 யூரோ. அதாவது 80 சிரிப்புக்கு மேல் இலவசம். நாடகச் சீட்டுக்கான வரியை ஸ்பெயின் அரசு 8 சதவீதத்திலிருந்து 21க்கு ஏற்றியதால் அரங்குகள் காலியாகிக் கிடந்த காலம் அது. அவர்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் சிரிப்புக்கு விலை வைத்த அரங்கில் கோமாளி மௌனமாக நிற்பதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

கோமாளிக்கு மௌனம்தான் மூலதனம். பாரிஸில் 1956இல் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகோக், கோமாளிக் கலையைத் தன் வகுப்பில் எப்படிக் கண்டெடுத்தார் என்பதைப் பதிவுசெய்திருக்கிறார். மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராக நடுவில் வந்து மற்றவர்களைச் சிரிக்கவைக்கச் சொன்னார். குட்டிக்கரணம் போட்டார்கள், வார்த்தை விளையாட்டு காட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. தோற்றுப்போய், மனம் சோர்ந்து தங்கள் இடத்துக்குத் திரும்பி உட்காரப் போனபோதுதான் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சோர்வில் அவர்கள் நிஜமாகவே தெரிந்தார்கள். கோமாளி நாடகத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. செய்தது எடுபடவில்லை, கோமாளி கூட்டத்தைப் பார்க்கிறார், கூட்டம் அவரைப் பார்க்கிறது, ஒரு விநாடி எந்தச் சத்தமும் இல்லை. மீட்டரில் அந்த விநாடி பூஜ்யம்.

ரஷ்யக் கோமாளி ஸ்லாவா பொலுனின் 1993இலிருந்து உலகம் சுற்றும் தன் பனிக் காட்சியில் ஒரு பிரியாவிடையை நடித்துக் காட்டுவார். ஒரு தாங்கியில் கோட்டும் தொப்பியும் தொங்குகின்றன. அவர் தன் ஒரு கையை அந்தக் கோட்டின் கைக்குள் நுழைக்கிறார். அவ்வளவுதான், கோட்டுக்கு உயிர் வந்துவிடுகிறது. அது அவர் தோளில் இருக்கும் தூசியைத் தட்டுகிறது, அவரைக் கட்டிப்பிடிக்கிறது. கூட்டம் முதலில் சிரிக்கிறது. ஒரே ஆள் இரண்டு பேராக நிற்பது வேடிக்கையாக இருக்கிறது அல்லவா. அப்புறம் சிரிப்பு தானாக இறங்குகிறது. ஊருக்குப் போகிறவரை வழியனுப்பும் ஒரு கை அங்கே தெரிகிறது, அது அவருடைய கையே என்பதும் தெரிகிறது. பிறகு அவர் ஒரு கடிதத்தைக் கிழிக்க, கிழிந்த தாள்கள் பனியாகி, பனி புயலாகி அரங்கம் முழுவதும் வீசுகிறது. ஒலிக் கோட்டை மட்டும் பார்க்கிறவர், அந்தக் காட்சி நடுவில் தொய்ந்துவிட்டது, வெட்டிவிடலாம் என்று பொலுனினுக்கு ஆலோசனை சொல்வார். அதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அப்படியானால் எதை அளப்பது? எனக்கு வழி காட்டியவை இரண்டு ஆய்வுகள். ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு 2011இல் வெளியிட்டது ஒன்று. எடின்பரோ விழாவுக்குப் போய், மேடை நகைச்சுவை பார்த்தவர்களையும் சாதாரண நாடகம் பார்த்தவர்களையும் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் சுவரோடு முதுகைச் சாய்த்து, நாற்காலியில் இருப்பதுபோல் முழங்காலை மடக்கி நிற்கவைத்தார்கள். தொடை வலியை எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். சேர்ந்து சிரித்துவிட்டு வந்தவர்கள் கூடுதலாகத் தாங்கினார்கள். சிரிப்பு முடிந்த பிறகு உடம்பில் என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்ட விதம் அழகு.

இன்னொன்று 2005இல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் நடந்தது. அறுவை சிகிச்சைக்குப் போகவிருந்த 5 முதல் 12 வயதுவரையான 40 குழந்தைகள். பாதிப் பேருடன் பெற்றோரில் ஒருவர் மட்டும், மீதிப் பேருடன் பெற்றோரோடு கோமாளிகளும். மயக்க மருந்து கொடுக்கும் அறைவரை கூடவே போனார்கள். குழந்தை எத்தனை முறை சிரித்தது என்று அங்கே யாரும் எண்ணவில்லை. என்ன செய்துகொண்டிருந்தது, குரல் எப்படி இருந்தது, முகம் எப்படி, எவ்வளவு விழிப்போடு மிரண்டிருந்தது, அம்மாவையோ அப்பாவையோ எவ்வளவு இறுகப் பற்றியிருந்தது, இந்த ஐந்தையும் பார்த்துப் பதற்றத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். கோமாளிகளோடு போன குழந்தைகளுக்குப் பதற்றம் தெளிவாகவே குறைவு. கோமாளியை அளக்க நான் பார்த்த அளவுகோல்களில் மிகச் சிறந்தது இதுதான். பிடியைத் தளர்த்திய ஒரு பிஞ்சுக் கையை அது கணக்கில் எடுத்துக்கொண்டது.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவையும் சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு நல்லதுதான் என்று ஒப்புக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களிலேயே பெரும்பாலோர், அறுவை அரங்கின் வேலைக்கு இடைஞ்சல் என்று சொல்லி, இதைத் தொடர வேண்டாம் என்றார்கள். சிட்னியில் 35 முதியோர் இல்லங்களில் கோமாளிகளை வைத்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்விலும் இப்படித்தான். எதிர்பார்த்தபடி மனச்சோர்வு குறையவில்லை. ஆனால் மறதிநோய் உள்ளவர்களிடம் காணும் படபடப்பும் அலைக்கழிப்பும் குறைந்தன. கேட்ட கேள்விக்கு இல்லை என்றும், பக்கத்துக் கேள்விக்கு ஆம் என்றும் பதில் வந்தது. நேர்மையாக அளந்தால் இப்படிப்பட்ட பதில்களும் வரத்தான் செய்யும். அவற்றை மறைக்காமல் வெளியிட்டவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் தெருக்கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன், கூட்டத்தை அளக்கும் இந்த வேலையை விடிய விடியச் செய்கிறார். நள்ளிரவு தாண்டி முன்வரிசைப் பிள்ளைகள் சாய்ந்துவிட்டால் பேச்சை நீட்டுவார், ஊர் விஷயத்தை உள்ளே இழுப்பார். துகில் உரியும் கட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைக்கத் தொடங்கினால் எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகளாகக் கூத்தைப் படம்பிடிக்கும் நாம் கேமராவை மேடைப் பக்கமே திருப்பி வைத்திருக்கிறோம். தயவுசெய்து ஒன்றையாவது கூட்டத்தின் பக்கம் திருப்புங்கள். ஆட்டக்காரர்களிடமும் பார்ப்பவர்களிடமும் அனுமதி கேட்டு, இரவு முழுக்க ஓடவிடுங்கள். எப்போது சிரித்தார்கள் என்பதோடு, எப்போது சிரிப்பு நின்றது, நின்ற பிறகு எவ்வளவு நேரம் யாரும் அசையவில்லை என்பதையும் குறியுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் பள்ளி மைதானத்தில் நடுவில் உட்கார்ந்திருந்த நண்பர் ஒரு ஒலிப்பதிவுக் கருவியையும் ஓடவிட்டிருந்தார். ரொம்ப நாள் கழித்துத்தான் கேட்டோம். பெட்டிக் காட்சியில், கைப்பிடி பிய்ந்து சிரிப்பு ஓய்ந்த பிறகு, கோமாளி அந்தக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கூட்டத்தில் சத்தமே இல்லை. அப்போது மெதுவாக ஒரு சின்னப் பெண்ணின் குரல், 'அய்யோ, பாவம்' என்கிறது. எங்கள் மூன்று நோட்டுகளிலும் அந்த இடம் வெற்றுத்தாள்.

மொத்தம் 40 விநாடிப் பதிவு. குரல் ரொம்பச் சன்னம். அந்த மின்விசிறிகளைக் கொஞ்சம் நிறுத்துங்கள், போடச் சொல்கிறேன்.