ரீட்டா மோன்தனேரை கடலைப் பாட்டோட நிறுத்திடாதீங்க

எல்லாருக்கும் வணக்கம். கியூபா பாடகி ரீட்டா மோன்தனேர்னா அந்த ஊர்க்காரங்க "லா உனிகா"ம்பாங்க, அவங்கள மாதிரி இன்னொருத்தர் கிடையாதுன்னு. வெளிநாட்டுல பாதிப் பேரு 'எல் மனிசெரோ' பாடுனவங்கன்னு சொல்லி முடிச்சிடுறாங்க, அதாங்க, தெருவுல வேர்க்கடலை விக்கிறவர் கூவுற பாட்டு. அதுல எனக்குக் கொஞ்சம் கோவம்.

1900ல ஹவானா பக்கத்துல குவானாபகோவாவுல பொறந்தாங்க. அப்பா வெள்ளைக்காரர், மருந்துக்கடை வச்சிருந்தார், அம்மா கலப்பினம். கன்சர்வேட்டரில, அதாவது இசைப்பள்ளில, பியானோ, முறைப்படி குரல் பயிற்சி எல்லாம் ஆச்சு, ஆனா ஊரே ஆப்பிரிக்க வழிபாட்டு டிரம்ஸுக்கு பேர் போன ஊரு, அந்தத் தாளமும் காதுல ஏறாம இருக்குமா? 1922 அக்டோபர் 10ல ஹவானாவுல பிடபிள்யூஎக்ஸ் ரேடியோ ஆரம்பிச்சப்போ முதல் நாளே பாடுனாங்க.

நான் முக்கியமா சொல்ல வந்தது 1927 செப்டம்பர் 29. சார்சுவேலான்னா வசனமும் பாட்டும் கலந்த ஸ்பானிய இசை நாடகம். அன்னிக்கு ஹவானா ரெஜினா தியேட்டர்ல 'நீனா ரீட்டா'ங்கிற சார்சுவேலா, இசை லெக்குவோனாவும் எலிசெயோ கிரெனெட்டும். இவங்க ஆம்பள வேஷம் போட்டு, மூஞ்சில கறுப்பு பூசிட்டு, குதிரைவண்டி ஓட்டுற கறுப்பினத்தானா வந்து 'மாமா இனேஸ்' பாடுறாங்க, தியேட்டரே ஆடிப்போச்சு. கறுப்பு பூசுறது இன்னிக்குப் பாத்தா உறுத்தும், உறுத்தணும். அதுவும் கறுப்பின ரத்தம் இருக்கிற பொண்ணே பூசிட்டு வர வேண்டியிருந்துச்சு பாருங்க, அந்தக் கால மேடை அப்படி. ஆனா கன்சர்வேட்டரி குரல்ல அடிமைங்களோட தாளம் மெயின் மேடைக்கு வந்ததும் அதே ராத்திரிதான்.

அடுத்து கொலம்பியா கம்பெனிக்கு 'எல் மனிசெரோ' ரெக்கார்டு, 1928ல பாரீஸ், 1931ல அமெரிக்கப் பாடகர் அல் ஜோல்சன் கூட அமெரிக்கா, 1933ல மெக்சிகோ. மெக்சிகோவுக்கு பியானோ வாசிக்க கூட்டிட்டுப் போனது சொந்த ஊர்க்காரர் இக்னாசியோ வில்லாவை, "போலா தே நியேவே"ங்கிற பேரு, அதாவது பனிப்பந்து, அவருக்கு ஒட்டுனதே இவங்களாலதான். 1940கள்ல ரேடியோல அரசாங்கத்தையே கிழிச்சு காமெடி வேற பண்ணாங்க, பயமே கிடையாது.

இவ்வளவுக்கும் அப்புறம், 1955ல, ஐம்பது தாண்டுன வயசுல, இசையமைப்பாளர் மெனோட்டியோட 'தி மீடியம்' ஆபரால மேடம் ஃப்ளோரா வேஷம்! ஆவி பேச வைக்கிறேன்னு ஊரை ஏமாத்துற பொம்பள, ஒருநாள் இருட்டுல ஏதோ ஒரு கை தன் தொண்டையத் தொட்ட மாதிரி உணர்ந்து மிரண்டு போவா. குரல் மட்டும் இருந்தா அந்த ரோல் நிக்காது, நடிப்பும் வேணும், சார்சுவேலாவுலயும் காமெடிலயும் ஊறுனவங்களுக்கு அது இருந்துச்சு. 1958 ஏப்ரல்ல தொண்டைப் புற்றுநோய்ல இறந்துட்டாங்க.

இப்போ 'மாமா இனேஸ்' போடச் சொல்லியிருக்கேன், கடலைப் பாட்டு அதுக்கப்புறம்.