பல்க்ஹெட்டை மூடுவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். நான் பாளையங்கோட்டைக்காரன். வெளிநாட்டில் விமானப் பராமரிப்பில் தகட்டு வேலை பார்த்தவன், லீவு நாட்களில் நண்பர்கள் தங்கள் கராஜில் கிட் விமானம், அதாவது பாகங்களாக வாங்கி நாமே சேர்க்கும் விமானம், கட்டும்போது கூட நின்று, தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் அடித்தவன். இன்றைக்கு அந்த வேலையில் ஒரே ஒரு பகுதியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். விமானத்தின் உடற்கூட்டுக்குள் குறுக்காக நிற்கும் பல்க்ஹெட்டுகளைச் சேர்க்கும்போது முன்கூட்டியே என்னென்ன யோசிக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

வீட்டில் விமானமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் உள்ள வான்ஸ் ஏர்கிராஃப்ட் விற்கும் ஆர்வி வரிசை கிட்டுகளிலிருந்து கட்டிப் பறந்த விமானங்களே 10,000-ஐத் தாண்டிவிட்டன. அங்கே வேலையில் பாதிக்கு மேல் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது விதி. நம் மலைக்கு அந்தப் பக்கம் ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமரக்ஷன், இங்கிலாந்தில் கொரோனா ஊரடங்குக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் கிட்டை வாங்கிக் கட்டி, 2022-ல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி கிட் எதுவும் இல்லாமல் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார், 2017-ல் அதற்குப் பதிவும் வாங்கினார். ஆகவே நம்மால் ஆகாத காரியம் இல்லை.

சரி, பல்க்ஹெட். வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அந்தத் தகடு நெளியாமல், முறுக்கிக்கொள்ளாமல், தன் வளைவில் நிற்க வேண்டுமென்றால் உள்ளே குறுக்குச் சட்டங்கள் வேண்டும். அவைதான் பல்க்ஹெட். முன்னாலிருந்து வால் வரைக்கும் வரிசையாக நிற்கும். சிலவற்றில் இறக்கையின் பளு வந்து இறங்கும், சிலவற்றில் வாலின் பளு, சிலவற்றில் இருக்கை பெல்ட்டின் இழுப்பு. மற்றவை வடிவத்தைப் பிடித்து நிறுத்தும்.

பேட்டை ஐடிஐயில் படிக்கிற ஒரு தம்பி என்னிடம் கேட்டான், "அண்ணாச்சி, கிட்டுல ஓட்டையெல்லாம் அடிச்சே வருதுன்னு சொல்லுதீங்க, அப்புறம் யோசிக்க என்ன இருக்கு, ரிவெட்ட அடிச்சிட்டுப் போயிர வேண்டியதுதானே?" நல்ல கேள்வி. ஓட்டைகள் கம்ப்யூட்டர் மெஷினில் அடித்து வருவதால் எது எங்கே சேரும் என்பது தெளிவாகிவிட்டது, ஆனால் எதை எப்போது சேர்ப்பது என்பது இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது, அதில்தான் மாதக்கணக்கான உழைப்பு மிச்சமாவதும் வீணாவதும். வீட்டுக்குக் காங்கிரீட் போடும் முன்னாலேயே கரண்ட் பைப்பைக் கம்பிக்கு நடுவில் புதைத்துவிடுகிறோம் இல்லையா, அதே கணக்குதான். பல்க்ஹெட் மேஜை மேல் கிடக்கும்போது ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு, தகடு போட்டு மூடிய பிறகு வால் கூட்டுக்குள் தவழ்ந்து போய், ஒரு கையில் விளக்கும் ஒரு கையில் ட்ரில்லுமாகப் படுத்துக்கொண்டு அரை நாள் செலவழிக்க வேண்டியிருக்கும். தகடு நெளியாமல் இருக்க அடியில் பலகை போட்டுத்தான் ஆள் உள்ளே போகவே முடியும்.

அதனால் முதல் ரிவெட்டுக்கு முன்னால் ஒவ்வொரு பல்க்ஹெட்டையும் கையில் எடுத்து, இதன் வழியாக எது போகும், இதன் மேல் எது மாட்டப்படும், மூடிய பிறகு இங்கே யாருடைய கை எட்டும் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதத்தான் வேண்டும், மனதில் வைத்துக்கொள்கிற விஷயம் இல்லை இது.

எது போகும்? நடுவில், மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் பலகையான எலிவேட்டருக்கான தள்ளுதண்டு போகும். இரண்டு பக்கமும், மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகையான ரட்டரின் கேபிள் போகும். வால் விளக்குக்கு ஒயர், ட்ரிம் மோட்டாருக்கு ஒயர், உயரமானிக்கும் வேகமானிக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் டியூப், எமர்ஜென்சி டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனா கேபிள். இதில் கிட் கம்பெனி ஓட்டை போட்டுக் கொடுத்திருப்பது சிலவற்றுக்குத்தான். ஆட்டோபைலட் வைக்கலாமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, அந்த முடிவை வால் கூடு மூடிய பிறகு எடுத்தால் அது இயக்கும் மோட்டாரான சர்வோவுக்கான பிராக்கெட்டை மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இப்போது பணம் இல்லை, இரண்டு வருடம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்றாலும் பரவாயில்லை, பிராக்கெட்டை மட்டும் இப்போதே மாட்டி, ஒயருக்குப் பிளாஸ்டிக் குழாய் விட்டு, பிறகு ஒயரை இழுக்க அதற்குள் ஒரு நூலையும் போட்டு வையுங்கள். எனக்குத் தெரிந்து இதைச் செய்துவிட்டு வருத்தப்பட்டவர் யாரும் இல்லை.

ஒயர் போகும் ஓட்டை எதையும் வெறுமனே விடக் கூடாது. தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி வேலை செய்யும், என்ஜின் அதிர்வில் ஒயரின் மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். ஓட்டையின் விளிம்பை மூடும் வளையமான ரப்பர் குரோமெட் அல்லது நைலான் புஷ் போட வேண்டும், அதற்கு ஓட்டை அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். பெரிய ஓட்டைக்குப் படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் ட்ரில் வேண்டும், ஸ்டெப் ட்ரில்லுக்குப் பின்னால் இடம் வேண்டும். இதெல்லாம் மேஜை மேல்தான் வசதி.

இங்கே ஒரு எச்சரிக்கை, அழுத்திச் சொல்கிறேன். பளு தாங்கும் பல்க்ஹெட்டில் நீங்களாக ஓட்டை போடாதீர்கள். இறக்கை சேருமிடம், பெல்ட் கட்டுமிடம், வால் மாட்டுமிடம், இவற்றில் ஒரு ஓட்டை கூடுதலாக வேண்டுமென்றால் வரைபடத்தை வைத்துக்கொண்டு கிட் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள், பதில் வரும் வரை வேறு வேலை பாருங்கள். மற்ற இடங்களிலும் விளிம்புத் தூரம் முக்கியம். ரிவெட்டின் நடுப்புள்ளியிலிருந்து தகட்டின் விளிம்பு வரை ரிவெட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு 6.4.

அடுத்து, இப்போது அடிக்கக் கூடாத ரிவெட்டுகள். ஒரு பல்க்ஹெட் என்பது பெரும்பாலும் ஒரே துண்டாக இருக்காது. இரண்டு பாதி, நடுவில் வலுவுக்கு ஒரு பட்டை, ஓரத்தில் ஆங்கிள் என்று சேர்ந்து வரும். அதில் சில ஓட்டைகள் நாலு மாதம் கழித்து வரப்போகும் இன்னொரு பாகத்துக்கும் பொதுவானவை. வரிசையாக ஓட்டை தெரிந்ததும் கை தானாக ரிவெட்டைத் தேடும், அடித்துவிட்டால் பிறகு அதன் தலையைத் துளைத்து, தலையைத் தட்டிப் பெயர்த்து, தண்டைப் பின்னாலிருந்து தாங்கல் கொடுத்து வெளியே தள்ள வேண்டும். ஓட்டை கொஞ்சம் விரிந்துவிட்டால் அடுத்த அளவு ரிவெட் போட வேண்டும். ஆகவே கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் படித்தால் போதாது. அந்த பல்க்ஹெட் எண் பின்னால் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறதோ அத்தனையும் படித்துவிட்டு, விட்டுவைக்க வேண்டிய ஓட்டைகளின் மேல் கலர் டேப் ஒட்டுங்கள். எந்த இடத்தில் மேலே இன்னொரு பாகம் தட்டையாக உட்காரும் என்பதையும் அப்போதே பாருங்கள். அங்கே உருண்டைத் தலை ரிவெட் ஆகாது, தகட்டோடு தகடாக உட்காரும் தட்டைத் தலைதான் வேண்டும், அதற்கு ஓட்டையை டிம்பிள் செய்ய வேண்டும், அதாவது சுற்றிலும் குழிவாக அழுத்த வேண்டும், அழுத்தும் அச்சான டை இரண்டு பக்கமும் நுழைய இடம் வேண்டும்.

அடித்த பக்கத்தில் உருவாகும் தலை, ரிவெட் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி அளவு உயரமும் இருந்தால் சரியான தலை. மேஜையில் ரிவெட்டை இரு பக்கமும் அழுத்தும் கைப்பிடி ஸ்குவீசரால் அழுத்தினால் இது ஒவ்வொன்றும் ஒரே மாதிரி வரும். மூடிய பிறகு ஏர் கன் பிடிக்க ஒருவர், பின்னால் இரும்புக் கட்டி பிடிக்க ஒருவர் என்று இரண்டு ஆள் வேண்டும். அதனால் ஸ்குவீசர் எட்டுகிறவரை எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள்.

வளைந்த விளிம்புள்ள பல்க்ஹெட் அச்சிலிருந்து வரும்போது கொஞ்சம் வில் மாதிரி வளைந்திருக்கும். சமதளத்தில் வைத்துப் பார்த்து, ஓட்டைகளுக்கு நடுவில் ஃபுளூட்டிங் இடுக்கியால் சின்னச் சின்ன மடிப்பு கொடுத்தால் நேராகிவிடும். இதைச் செய்யாமல் தகட்டை இழுத்துப் பிடித்து, தற்காலிகப் பிடிப்பானான கிளெக்கோ போட்டால் ஓட்டைகள் கோணலாகச் சேரும், வெளியே தகட்டில் அலை தெரியும்.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு, அவற்றை அமெரிக்கக் கையேடு சொல்லாது. உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு உப்புக்காற்று. இரண்டு தகடு ஒன்றன் மேல் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் அரிப்பு ஒளிந்து தொடங்கும், ரிவெட் அடித்த பிறகு அந்த இடத்துக்கு, அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமர் போகவே போகாது. பிரைமர் அடிப்பதா இல்லையா என்று மற்ற நாடுகளில் கட்டுகிறவர்கள் வாதாடலாம், கடற்கரையில் இருக்கிற நமக்கு அந்த வாதம் தேவையில்லை, சேரும் முகம் ஒவ்வொன்றுக்கும் அடியுங்கள். எப்போது அடிப்பது? ஆனி ஆடிக் காற்றில் செங்கோட்டைக் கணவாயிலிருந்தும் ஆரல்வாய்மொழியிலிருந்தும் அடிக்கிற காற்று செம்மண்ணை வாரிக்கொண்டு வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் விடாது. தை, மாசியில் காலை நேரத்தில் பிரைமர் வேலையை மொத்தமாக வைத்துக்கொண்டால் நல்லது, ஆகவே ஓட்டை போடுவது, பிசிறு எடுப்பது, டிம்பிள் எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். மூன்று மீட்டர் அலுமினியத் தகடு 20 டிகிரி கூடுதலாகச் சூடானால் கிட்டத்தட்ட 1.4 மில்லிமீட்டர் நீளும். தகடு வெயிலிலும் சட்டம் நிழலிலும் கிடந்துவிட்டு நேரே சேர்த்தால் ஓட்டை பொருந்தவில்லையே என்று ட்ரில்லை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். இரண்டும் ஒரே நிழலில் ஒரு ராத்திரி கிடக்கட்டும்.

எடையையும் மறக்க வேண்டாம். வால் பக்கம் சேர்க்கிற ஒவ்வொரு கிலோவும் ஈர்ப்பு மையத்தைப் பின்னால் இழுக்கும், மையம் வரம்பைத் தாண்டினால் விமானம் அடங்காது. அதனால் பிராக்கெட், பெட்டி, ஒயர் எது பின்னால் போனாலும் சமையலறைத் தராசில் நிறுத்து, எந்த பல்க்ஹெட்டில் என்று நோட்டில் எழுதுங்கள். காந்தத் திசைகாட்டியின் சென்சாரை வாலில் வைப்பதாக இருந்தால் பக்கத்தில் இரும்பும், அதிகக் கரண்ட் ஓடும் ஒயரும் இல்லாத பல்க்ஹெட்டைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

மூடுகிற நாளுக்கு முந்தின நாள், வேலையில் கூட இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு, நோட்டைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள், ஐந்து வருடம் கழித்து எங்கே துளைக்கலாம் என்பதை அந்தப் போட்டோதான் சொல்லும்.

பேட்டைத் தம்பி போல ஆர்வம் உள்ளவர்கள் முழுக் கிட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ரிவெட் பழகவென்றே சின்னப் பயிற்சிக் கிட்டுகள் விற்கிறார்கள், அது கிடைக்காவிட்டால் அலுமினியத் தகட்டுத் துண்டுகளில் ஒரு பல்க்ஹெட் பாதியை நீங்களே மடித்துச் சேர்த்துப் பாருங்கள். நிஜமாகவே விமானம் கட்ட முடிவு செய்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் நம் நாட்டின் விமானத்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவுக்கு எழுதி, உங்கள் கிட்டுக்கு என்ன அனுமதி, எந்தெந்தக் கட்டத்தில் ஆய்வு என்று கேட்டு வாங்குங்கள். ஆய்வாளர் பார்க்க வேண்டிய பல்க்ஹெட்டை அவர் வருவதற்கு முன் மூடிவிடாமல் இருக்க, அந்தத் தேதிகளும் அதே நோட்டில் ஏற வேண்டும். வணக்கம்.