கேட்டுவிட்டுப் பகிருங்கள், கதவை மூடிவிட்டுக் கேளுங்கள்

(ஓய்வூதியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, காலைப் புறநோயாளிகள் பிரிவை முடித்துவிட்டு உணவுகூட எடுத்துக்கொள்ளாமல் நேரே இங்கு வந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, ஏழைகளின் நுகர்வோர் வழக்குகளைக் கட்டணம் வாங்காமல் நடத்தித் தரும் வழக்கறிஞர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையின்றித் தந்திருக்கும் அரிசி ஆலை உரிமையாளர் அவர்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோயாளியின் காதுக்கு மட்டும் எட்டும் குரலில் பேசுகிறவர் அவர். மருந்தாளுநராக வேலை பார்த்த காலத்தில் இதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர் இருக்கும் மேடையில் இந்தப் பொருளைப் பேசுவது எனக்குப் பெருமை.

நம் மருத்துவக் குறிப்புகளை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு? இதுதான் பொருள். மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். சட்டம் என்ன சொல்கிறது, இங்கிலாந்தில் என்ன நடந்தது, காப்பீட்டு நிறுவனம் கேட்டால் என்ன செய்வது.

"பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்பது நம் பழமொழி. ஒவ்வொரு மருத்துவமனைச் சுவரிலும் இதை எழுதி வைக்கவேண்டும் என்று பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். இன்றும் கேட்கிறேன்.

2021 செப்டம்பர் 27 அன்று, மருத்துவக் குறிப்புகளைக் கணினி வழியாக இணைக்கும் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. அதில் நமக்குக் கிடைப்பது ஆபா என்கிற 14 இலக்கச் சுகாதார எண். இது கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், எடுத்த பிறகும் நீக்கிக்கொள்ளலாம். குறிப்புகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். வேறொரு மருத்துவர் பார்க்க விரும்பினால் உங்கள் கைப்பேசிக்குக் கோரிக்கை வரும். யார் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார், எந்தக் காலத்துக் குறிப்புகள், எத்தனை நாளைக்கு என்று அதில் இருக்கும். சம்மதிக்கலாம், மறுக்கலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஏட்டளவில் நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2021-இல் ஆதாரைக் காட்டித் தடுப்பூசி போட்டுக்கொண்ட பலருக்குச் சான்றிதழிலேயே சுகாதார எண் அச்சாகி வந்ததே, அதை எத்தனை பேர் கவனித்தோம்?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது நிர்ப்பந்தமில்லாமல், விவரம் தெரிந்து தரப்படுவதாக இருக்கவேண்டும் என்கிறது. சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழில் படிக்கும் வாய்ப்பும் தரவேண்டும் என்கிறது. சட்டத்தைப் பற்றி என்னைவிட வழக்கறிஞர் ஐயா தெளிவாகச் சொல்வார்.

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களிடமுள்ள குறிப்புகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்ட 'கேர்.டேட்டா' என்று ஒரு திட்டம் போட்டார்கள். 2014 தொடக்கத்தில் வீடு வீடாகத் துண்டறிக்கை அனுப்பினார்கள். விலகிக்கொள்ளும் படிவம் அதில் இல்லை. தங்களைச் சரியாகக் கேட்கவில்லை என்று மக்களும் மருத்துவர்களும் எதிர்த்தார்கள். திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள், 2016-இல் கைவிட்டே விட்டார்கள். பிறகு 2018 மே மாதம், சிகிச்சைக்கு அப்பாற்பட்ட ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் என் குறிப்பைத் தரவேண்டாம் என்று எவரும் பதிவு செய்துகொள்ளும் வசதி வந்தது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அவருடைய மகளுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டுப் பட்டப்படிப்பும் முடித்த கெட்டிக்காரப் பெண். ஒருநாள் மறுபடியும் வலிப்பு வந்து, ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பதிவு மேசையில் கைப்பேசி எண் கேட்டார்கள். தறிக்காரரிடம் இருந்ததோ பழைய பொத்தான் கைப்பேசி. வாட்ஸ்அப் உள்ள எண்ணைக் கொடுங்கள் என்றதும் மைத்துனருடைய எண்ணைக் கொடுத்தார். மைத்துனர் மளிகைக் கடைக்காரர், நல்ல மனிதர். ஸ்கேன் அறிக்கை அவருக்குப் போனது. ஒன்றும் புரியவில்லை. விவரம் கேட்கத்தான் கடைக்கு வந்த ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதியிடம் காட்டினார். அவர் சத்தமாகப் படித்தார். எண்ணெய் வாங்க வந்த அம்மாள் கேட்டார். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பெண் மட்டும் தன் அறிக்கையை இன்னும் பார்க்கவில்லை! பேசி முடித்திருந்த சம்பந்தம் அந்த வாரமே நின்றுபோனது.

தறிக்காரர் மருத்துவமனைக்குப் போய், "யாரைக் கேட்டு ஐயா அனுப்பினீர்கள்?" என்றார். அவர்கள் அமைதியாக ஒரு தாளை எடுத்து நீட்டினார்கள். அறிக்கைகளை இந்த எண்ணுக்கு அனுப்பச் சம்மதம் என்று ஆங்கிலத்தில் இருந்தது, கீழே அவருடைய கையெழுத்து. எப்போது வாங்கியது தெரியுமா? மயங்கிய மகள் தோளில் சாய்ந்திருக்க, பின்னால் வரிசை நெருக்க, நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனாவால் வாங்கிய கையெழுத்து. மனம் ஒப்பிப் போட்டதா அது? அந்தப் பெண் இன்று வேறு ஊரில் மருந்து வாங்குகிறாள். பஸ்ஸுக்குக் காசில்லாத மாதங்களில் மாத்திரை தவறுகிறது என்று அவள் தாய் என்னிடம் சொல்லி அழுதார். வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மருந்தாளுநர்களுக்குத் தெரியும். ரகசியம் போனால் மானம் மட்டும் போவதில்லை, மருத்துவமும் சேர்ந்து போகிறது.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்றார்கள். பக்கம் பார்க்க அங்கே இடமே இல்லையே! அதனால்தான் ஒவ்வொரு மருத்துவமனையிலும் பதிவு மேசைக்கு அருகில் ஓர் அறை வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டுவருகிறேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூடக்கூடிய ஒரு கதவு. அங்கே உட்காரவைத்து, தமிழில் படித்துக் காட்டி, யாருக்குச் சொல்லலாம், எந்த எண்ணுக்கு அனுப்பலாம் என்று கேளுங்கள். உயிருக்குப் போராடுகிறவரை நிறுத்திவைத்துக் கேட்கச் சொல்லவில்லை. சிகிச்சையைத் தொடங்குங்கள், நிலைமை தணிந்த பிறகு கேளுங்கள்.

முடியாது என்று சொல்லாதீர்கள். நாம் செய்துகாட்டியிருக்கிறோம். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்த நாட்டில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தார்கள். அந்த நோய்க்கு இருந்த அவச்சொல்லுக்கு அஞ்சி மக்கள் ஒளிந்தார்கள். அவர்களைப் பரிசோதனைக்கு வரவழைக்க அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் வந்தது. தனியே உட்காரவைத்து, ஆலோசனை சொல்லி, சம்மதம் கேட்டு, அதன் பிறகே ரத்தம் எடுப்பது அங்கே முறை. 2017-இன் எச்.ஐ.வி. சட்டம் அந்த ரகசியத்துக்குக் காவலும் போட்டது. அதே கதவை வலிப்புக்காரருக்கும், காசநோயாளிக்கும், மனநல மருத்துவரைப் பார்க்க வருகிறவருக்கும், கருக்கலைப்புக்கு வரும் பெண்ணுக்கும் திறந்துவிட என்ன தடை? செவிலியர் சகோதரிகள் தலையசைக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும்.

காப்பீட்டைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். செயலாளர் மணியைக் காட்டுகிறார், இன்னொரு கூட்டத்தில் விரிவாகப் பேசுவேன். இன்றைக்கு ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவமனை, பரிசோதனைக் கூடம் எங்கே போனாலும் உங்கள் பெயருக்கு எதிரே எந்தக் கைப்பேசி எண் இருக்கிறது என்று கேளுங்கள். வேறொருவருடையதாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பேரனுடைய எண்ணையே கொடுத்துவிட்டு வரும் நம் ஓய்வூதியர்கள் இதைக் கட்டாயம் செய்யவேண்டும்.

நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அந்த ஓர் அறையை ஒதுக்கக் கோரி மனு எழுதியிருக்கிறோம். வாசலருகே உள்ள மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள், கண் பார்வை சரியில்லாதவர்களுக்கு நானே படித்துக் காட்டுகிறேன். வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கிறோம். உடன் வர விரும்புகிறவர்கள் காலை ஒன்பதரை மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.