ஜெபமா, அசனமா? லிங்கராஜபுரம் பட்டிமன்றத்தில் அசன அணிக்காகப் பேசியது

நடுவர் ஐயா, எதிரணி நண்பர்களே, பிளாஸ்க்கோடு முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற அம்மாமாரே, எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஏழு நிமிஷம். முன்னாடி பேசினவர் வணக்கம் சொல்லவே மூணு நிமிஷம் எடுத்துக்கிட்டார். நான் நேரா பந்திக்கு வந்துடறேன்.

தலைப்பு என்ன? "எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களுக்குச் சபை செய்யும் பெரிய உதவி ஜெபமா, அசனமா?" அசனம்னா என்னன்னு பெங்களூர்ல பிறந்த பிள்ளைகள் முழிக்குது. திருநெல்வேலிப் பக்கம் சபைப் பண்டிகைக்கு ஊரே வரிசையா உட்கார்ந்து ஒரே சோறு, ஒரே குழம்பு சாப்பிடுமே, அதுதான்ப்பா அசனம்.

எதிரணித் தங்கச்சி என்ன சொல்லிட்டுப் போனாங்க? "அண்ணன் ஏன் அசனக் கட்சின்னு அவர் சட்டைப் பட்டனைப் பார்த்தாலே தெரியுது. சோறுதான் பெருசுன்னா சபை எதுக்கு, ஹோட்டல் போதுமே?" நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க. என் வீட்டம்மாவும் தட்டுனாங்க. பார்த்தேன்.

தங்கச்சி, பட்டனை விடுங்க. பைபிளுக்கு வாங்க. யவீருவோட மகளுக்குப் பன்னிரண்டு வயசு. செத்துப்போன பிள்ளையை ஆண்டவர் எழுப்பிட்டார். அடுத்து என்ன சொன்னார்? "சாட்சி சொல்லு"ன்னாரா? "காணிக்கை எங்கே"ன்னாரா? பிள்ளைக்குச் சாப்பிடக் குடுங்கன்னார்! சரி, அவரே உயிர்த்தெழுந்து கடற்கரைக்கு வந்தாரே, கையில பிரசங்கக் குறிப்பா இருந்துச்சு? கரி நெருப்பு, மேலே மீன், பக்கத்துல அப்பம். வாங்க சாப்பிடலாம்னு கூப்பிட்டார். தங்கச்சி, என் பட்டனைச் சொல்லுங்க, பொறுத்துக்கறேன். அவர் அடுப்பைச் சொல்லாதீங்க.

நான் ஜெபத்துக்கு எதிரி இல்லை. ஜெபக் குறிப்புக்குத்தான் எதிரி. நம்ம சபைகள்ல அது எப்படி நடக்கும்? "சகோதரிகளே, பேர் சொல்ல மாட்டேன், மூணாவது தெருவுல, மாடி வீட்ல, லாரி ஓட்டி இறந்துபோன சகோதரரோட மனைவிக்கு ஒரு பெரிய வியாதி, பாரத்தோட ஜெபிச்சுக்கோங்க." இதுல பேர் எதுக்குங்க? இன்ஷியல்கூட வந்துடுச்சே! ஒருத்தர் நம்பிச் சொன்ன எச்.ஐ.வி. விஷயத்தை அவங்க சம்மதம் இல்லாம வெளியே சொல்லக் கூடாதுன்னு 2017-ல சட்டமே போட்டாச்சு. நாம அதுக்கு ஆமென் போட்டு அனுப்பறோம்.

அப்படித்தான் ஒரு சபையில ஒரு அக்கா விஷயம் வெளியே வந்துச்சு. எந்தச் சபைன்னு கேட்காதீங்க. ஞாயிறு ஆராதனை முடிஞ்சு டீ குடுப்பாங்க. ஸ்டீல் டம்ளர், இருநூறு. அந்த வாரம் ஒரே ஒரு டம்ளரோட அடியில சிவப்பா ஒரு பொட்டு. அந்த டம்ளர் யார் கையை விட்டு யார் கைக்குப் போனாலும் கடைசியில அந்த அக்கா கைக்குத்தான் வரும். இருநூறு பேர்ல! லாட்டரியில விழாதுங்க அப்படி.

ஐயா கேட்கறீங்க, பொட்டு வெச்சது யாருன்னு. வரேன், இருங்க.

நாலு வாரம் கழிச்சு அக்கா டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாங்க. சண்டை போடலை. கழுவி, கர்ச்சீப்ல சுத்தி, பைபிள் பைக்குள்ள வெச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அடுத்த ஞாயிறுலேர்ந்து அவங்களே கொண்டு வருவாங்க. நமக்குச் சிரமம் வேண்டாம்னு!

இப்ப வராங்க நம்ம பாட்டி, திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத் ஊர்க்காரங்க. எண்பது வயசு. அன்னைக்கு டம்ளர் தீர்ந்துபோய் காகிதக் கப்புல டீ குடுத்துட்டாங்க. பாட்டிக்கு அது ஆகாது. "எய்யா, இது மெழுகுவர்த்தியக் கரைச்சுக் குடிச்ச மாதிரில்லா இருக்கு!" சுத்திப் பார்த்தாங்க. அக்கா கையில ஸ்டீல் டம்ளர், பாதி டீ. "ஏ பிள்ள, குடிச்சிட்டியா? குடுத்திட்டு வேற ஊத்திக்க." அக்கா பின்னாடி போறாங்க, பாட்டி முன்னாடி வராங்க. டம்ளரைப் புடுங்கி மீதி டீயை அப்படியே குடிச்சிட்டாங்க!

சபையே மூச்சு விடலை. ஒரு மூப்பர் ஓடி வந்து பாட்டி காதுல விஷயத்தைச் சொன்னார். பாட்டிக்குக் காது மந்தம். அதனால அவர் சொன்னது தெருவுக்கே கேட்டுச்சு. பாட்டி அவரை மேலேயும் கீழேயும் பார்த்தாங்க. "எனக்குச் சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, மூட்டு வலி இருக்கு. இது எல்லாம் அவளுக்கு ஒட்டிக்கிட்டா அந்தப் பிள்ள என்ன செய்யும், அதைக் கேட்டியாவே?"

பாட்டி எந்த மருத்துவக் கல்லூரியில படிச்சாங்க? ஆனா டாக்டர் சொல்றதும் அதுதான். டம்ளர்ல, எச்சில்ல, பக்கத்துல உட்கார்ந்தா, கட்டிப் பிடிச்சா பரவாது. 2004-லேர்ந்து அரசு ஏ.ஆர்.டி. மையங்கள்ல, அதாவது எச்.ஐ.வி. கிருமியை அடக்கற மருந்து குடுக்கிற இடங்கள்ல, மாத்திரை இலவசம். தினமும் விடாம சாப்பிட்டு, ரத்தத்துல கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சு அப்படியே நின்னுட்டா, தாம்பத்தியத்துலகூட அடுத்தவருக்குப் போகாது. "விசுவாசம் இருந்தா மாத்திரையை நிறுத்து"ன்னு சொல்ற பிரசங்கியாரே, நிறுத்தினா கிருமி திரும்ப ஏறும். அப்புறம் மருந்தே வேலை செய்யாமப் போகலாம். ஜெபம் பண்ணுங்க, மாத்திரை டப்பாவுல கை வைக்காதீங்க.

1986-ல சென்னையில எடுத்த ரத்தத்துல இந்தியாவுலேயே முதல்முதலா எச்.ஐ.வி.யைக் காட்டினது வேலூர் சி.எம்.சி. ஆய்வகம். மிஷன் ஆஸ்பத்திரி. கண்டுபிடிச்சதும் நம்ம வீடு, பொட்டு வெச்சதும் நம்ம வீடு.

அந்த அக்கா மாத்திரை வாங்க எங்கே போவாங்க தெரியுமா? பக்கத்துல மையம் இருக்கு. சபைக்காரங்க பார்த்துடுவாங்கன்னு விடிகாலை பஸ் ஏறி ஓசூர் போவாங்க. ஒரு நாள் கூலி போச்சு. பாட்டி அதைத் தெரிஞ்சுக்கிட்டு, "நாம பக்கத்துக்கே போவோம், எவன் பார்க்கான்னு நான் பார்க்கேன்"னு ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. வரிசையில முறுக்கைப் பிட்டு ரெண்டு பேரும் சாப்பிட்டாங்களாம். தங்கச்சி, அந்த முறுக்கு எந்த ஹோட்டல்ல கிடைக்கும்?

என்ன ஐயா, முதல் மணியா? முடிச்சுடறேன்.

பாட்டி போன வருஷம் தவறிட்டாங்க. மகன் துபாய்லேர்ந்து வந்து சேரலை. குளிப்பாட்டினது அந்த அக்கா. துக்கத்துக்கு வந்தவங்களுக்கு டீ போட்டதும் அவங்கதான். பாட்டி வீட்ல டம்ளர் பத்தலைன்னு தன் வீட்லேர்ந்து கொண்டு வந்து, ஒவ்வொருத்தர் கையிலேயும் குடுத்தாங்க. எனக்கும் குடுத்தாங்க. கை சுட்டுச்சு, டம்ளரைத் தூக்கிப் பிடிச்சேன். அடியில சிவப்புப் பொட்டு. பாதி உரிஞ்சு போயிருந்துச்சு.

நடுவர் ஐயா, யார் வெச்ச பொட்டுன்னு கேட்டீங்களே. டீ கமிட்டிக்கு அந்த வருஷம் நான்தான் செயலாளர். நெயில் பாலிஷ் என் வீட்டம்மாவோடது. எதுக்கு எடுத்தேன்னு அவங்களுக்கே இன்னைக்குத்தான் தெரியும்.

அக்கா எதிர்ல நின்னுட்டு, "சக்கரை போதுமா தம்பி?"ன்னு கேட்டாங்க.

ரெண்டாவது மணியும் அடிச்சுட்டீங்க. வணக்கம்.