"நீங்க உட்கார்ந்திருந்ததே தெரியல"

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒருநாள், விடிகாலை ஐந்தரை மணிக்குக் குந்தி உட்கார்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். சென்னையில் எங்கள் தெருவில் வாசல் என்பது தெருவேதான். பக்கத்து வீட்டுத் தம்பி வாங்கிய புது வண்டி, அந்த ஜீப் மாதிரி உயரமான வண்டி, என் தலைக்கு நேரே நின்றிருந்தது. திடீரென்று எஞ்சின் உறுமியதும் பதறி எழுந்தேன். உள்ளே இருந்தவர் என்னைவிடப் பதறிப்போனார். "ஐயோ ஆன்ட்டி, நீங்க உட்கார்ந்திருந்ததே தெரியல!"

பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டு, நானே டிரைவர் சீட்டில் ஏறிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வண்டிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வைத்தார். தெரியவில்லை. தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே போனார். அடுத்த வீட்டு கேட்டைத் தாண்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. தையல் டேப்பை எடுத்து அளந்தோம். தரையிலிருந்து பானட் உயரம் 41 அங்குலம். மூன்று வயதுப் பேத்தியையும் நிறுத்தி அளந்தேன். 37.

பெரிய வண்டி இடத்தை அடைக்கிறது, பெட்ரோலைக் குடிக்கிறது என்று எல்லோரும் பேசியாயிற்று. எனக்குப் பயம் அந்த முகப்பின் உயரம்தான். பழைய மாருதி 800 மாதிரி தாழ்ந்த கார் இடித்தால் அடி காலில் விழும், ஆள் பானட் மேல் சரிவார். சுவர் மாதிரி நிற்கும் முகப்பு இடுப்பிலும் நெஞ்சிலும் மோதிக் கீழே தள்ளிவிடும். குழந்தை என்றால் தலையிலேயே. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2023-இல் கணக்குப் பார்த்தது. பானட் 40 அங்குலத்துக்கு மேல் இருந்தால், 30 அங்குலத்துக்குள் சரிந்த முகப்புள்ள காரைவிட, அடிபட்ட பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் கூடுதல்.

நம் ஊரில் 2017 டிசம்பரில் முன்பக்கக் கம்பிகளை, அதான் அந்த புல் பார்களை, மத்திய அரசு தடை செய்தது. நல்லது. ஆனால் கம்பியைக் கழற்றினாலும் பின்னால் இருக்கும் சுவர் அப்படியே இருக்கிறதே! ஜிஎஸ்டி வந்தபோது இந்த வண்டிகளுக்குக் கூடுதல் வரி போட நீளம், எஞ்சின், தரையிலிருந்து அடிப்பாகம் வரையிலான இடைவெளி எல்லாவற்றையும் அளந்தார்கள். பானட்டை மட்டும் யாரும் அளக்கவில்லை.

பாரிஸில், கனமான வண்டிகளுக்குப் பார்க்கிங் கட்டணத்தைக் கூட்டலாமா என்று 2024 பிப்ரவரியில் மக்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். நூற்றுக்கு ஆறு பேர்கூட வந்து ஓட்டுப் போடவில்லை என்பது வேறு கதை. ஆனாலும் தீர்மானம் ஜெயித்தது. வெளியூர்க்காரர் கனமான வண்டியை நகர மையத்தில் நிறுத்தினால் மணிக்கு 18 யூரோ. அங்கேயும் பானட்டை அளக்கவில்லை, எடையைத்தான் பார்த்தார்கள்.

"மழைக்காலத்துக்கு இதுதான் சரி ஆன்ட்டி" என்கிறார் தம்பி. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர், ஒரேயடியாக மறுக்க முடியாது. ஆனால் முழங்கால் தண்ணீரில் அவர் விர்ரென்று போனால், கிளம்புகிற அலை தரைத்தள வீட்டுக்குள் போகிறது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் தடுமாறி விழுகிறார். காட்டுக்குப் போகிற தோரணை இருக்கிறதே தவிர, இவற்றில் பலவற்றுக்கு, நாலு சக்கரத்தையும் எஞ்சின் சுழற்றும் ஃபோர் வீல் டிரைவ்கூட கிடையாது.

தம்பி நல்ல பிள்ளை. இப்போது ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்க்கிறார். நானும் கோலமாவு டப்பாவை அவர் பானட் மேல் வைத்துவிட்டுத்தான் கீழே உட்காருகிறேன்.

வணக்கம்.