பங்குதாரர் கூட்டம் சட்டமன்றமான கதை

அவைத்தலைவர் அவர்களே, அவையோரே,

அமெரிக்க மக்களாட்சியின் தோற்றத்தைப் பற்றிப் பேசுவோர் ஜான் லாக்கிலும் மான்டெஸ்கியூவிலும் தொடங்கி, 1776-ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனத்தைத் தொட்டு, 1787-இல் பிலடெல்பியாவில் கூடிய 55 பேரின் அறிவாற்றலை வியந்து முடிப்பது வழக்கம். அந்தச் சிந்தனையாளர்களின் செல்வாக்கை நான் மறுக்கவில்லை. ஆனால், அவர்களின் நூல்கள் கப்பலேறி வருவதற்கு நெடுங்காலம் முன்பே அந்த மண்ணில் ஒரு நடைமுறை வேர்விட்டிருந்தது. ஆள்வோரின் அதிகாரம் எழுதப்பட்ட ஒரு சாசனத்திலிருந்து பிறக்கிறது என்பதும், அந்தச் சாசனத்தைக் காட்டும்படி கேட்க ஆளப்படுவோருக்கு உரிமை உண்டு என்பதுமே அந்த நடைமுறை. அதை அங்கே கொண்டு சேர்த்தவை இங்கிலாந்தின் வணிகக் கம்பெனிகள் என்பது என் கருத்து.

1629-இல் மாசசூசெட்ஸ் விரிகுடாக் கம்பெனிக்கு மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு சாசனம் வழங்கினார். ஆளுநர், துணை ஆளுநர், பதினெட்டு உதவியாளர்கள், ஆண்டுக்கு நான்கு முறை கூடும் பங்குதாரர் பொதுக்கூட்டம் என எந்த வணிகக் கம்பெனிக்கும் பொருந்தும் ஏற்பாடுகளே அதில் இருந்தன. கூட்டம் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்று மட்டும் அதில் சொல்லப்படவில்லை. இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு, 1630-இல் ஜான் வின்த்ராப்பும் அவருடைய தோழர்களும் சாசனத்தையே கையோடு எடுத்துக்கொண்டு அட்லாண்டிக் கடலைக் கடந்தனர். கம்பெனியின் நிர்வாகம் குடியேற்றத்தின் அரசாங்கமாக மாறியது இப்படித்தான். மாசசூசெட்ஸ் சட்டமன்றம் இன்றும் ஜெனரல் கோர்ட், அதாவது பொதுக்கூட்டம், என்ற பழைய கம்பெனிப் பெயரையே தாங்கி நிற்கிறது.

வின்த்ராப் மக்களாட்சியை விரும்பியவர் அல்லர். அரசு வடிவங்களிலேயே மிகக் கீழானது அதுதான் என்று எழுதியவர். தொடக்கத்தில் அவரும் உதவியாளர்களும் சட்டம் இயற்றும் அதிகாரத்தைத் தம் கையிலேயே வைத்திருந்தனர். 1632-இல் அரண் கட்டுவதற்கென்று அவர்கள் வரி விதித்தபோது, வாட்டர்டவுன் என்ற சிற்றூர் மறுப்புத் தெரிவித்தது. இவ்வகையில் பணம் செலுத்தினால் தாமும் தம் சந்ததியும் அடிமைப்பட நேரும் என்று அவ்வூரார் வாதிட்டனர். வின்த்ராப் அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பினார் என்றாலும், வரி குறித்துக் கலந்து பேச ஊருக்கு இருவரை அனுப்பலாம் என்ற ஏற்பாடு உடனே வந்தது. 1634-இல் ஊர்ப் பிரதிநிதிகள் ஒருபடி மேலே சென்று, சாசனத்தைக் காட்டுங்கள் என்று கேட்டனர். சட்டம் இயற்றும் அதிகாரம் பொதுக்கூட்டத்துக்கே உரியது என்று அதில் எழுதியிருப்பதைக் கண்ணாரக் கண்டபின் அவர்களை அடக்க வழியில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் வின்த்ராப் ஆளுநர் பதவியை இழந்தார். பிரதிநிதிகள் கூடும் மன்றமும் நிலைபெற்றது. லாக் அப்போது இரண்டு வயதுக் குழந்தை.

இந்த உரிமையும் எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. வாக்களிக்கத் திருச்சபை உறுப்பினராக இருக்க வேண்டும் என்று 1631-லேயே விதித்துவிட்டனர். மனச்சான்றை அரசு கட்டுப்படுத்தக் கூடாது என்ற ரோஜர் வில்லியம்ஸ் நாடுகடத்தப்பட்டு, 1636-இல் பிராவிடன்ஸ் நகரை நிறுவ நேர்ந்தது. தெற்கே வர்ஜீனியாவிலோ, 1619 ஜூலையில் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் முதல் பிரதிநிதிகள் சபை கூடிய சில வாரங்களிலேயே, சிறைப்பிடிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அக்கரையில் இறக்கப்பட்டனர்.

இத்தகைய அனுபவம் நூறாண்டுக்கு மேல் படிந்த பிறகே நூல்களின் காலம் வந்தது. இயற்கை உரிமை, ஆளப்படுவோரின் இசைவு, அதிகாரப் பிரிவினை ஆகிய கருத்துகள், குடியேறிகள் ஏற்கெனவே செய்துவந்ததற்குப் பெயரும் நியாயமும் தந்தன. 1765-இல் பிரிட்டன் விதித்த முத்திரைத்தாள் வரிக்கு எதிராக அவர்கள் பேசிய மொழியில் வாட்டர்டவுன்காரர்களின் குரலும் லாக்கின் குரலும் கலந்தே ஒலித்தன. இரோகுவாய் பழங்குடிகளின் கூட்டமைப்பிலிருந்தே அமெரிக்க அரசமைப்பு பிறந்தது என்போரும் உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் 1751-இல் ஒரு கடிதத்தில் அக்கூட்டமைப்பைச் சுட்டிக்காட்டியது உண்மையே; ஆனால் 1787-இன் அரசமைப்பில் அதன் நேரடிச் சாயலைக் காட்டுவது கடினம்.

உண்மையான புதுமை 1776-க்கும் 1780-க்கும் இடையே மாசசூசெட்ஸ் ஊர்க்கூட்டங்களில் நிகழ்ந்தது என்பேன். புதிய அரசமைப்பைத் தானே எழுதிக்கொள்ளச் சட்டமன்றம் ஊர்களிடம் இசைவு கேட்டது. 1776 அக்டோபரில் கன்கார்டு ஊர்க்கூட்டம் அதற்கு மறுத்து அனுப்பிய தீர்மானம் கூர்மையானது: அரசமைப்பு என்பது ஆள்வோரின் அத்துமீறலிலிருந்து குடிமக்களைக் காப்பதற்கானது, அதை ஆக்கும் அவையே மாற்றவும் முடியும், சட்டமன்றம் மாற்றக்கூடிய அரசமைப்பு யாருக்கும் பாதுகாப்பாகாது. ஆகவே இதற்கென்றே தனியொரு மாநாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றனர் அவ்வூரார். சட்டமன்றம் அதற்குச் செவிசாய்க்காமல் 1778-இல் ஒரு வரைவை முன்வைத்தது. ஊர்கள் அதைப் பெருவாரியாக நிராகரித்தன. பிறகு மாநாடு கூடியது, ஜான் ஆடம்ஸ் வரைவு எழுதினார், ஊர்கள் அதைப் பிரிவு பிரிவாக விவாதித்து ஒப்புதல் தந்தன. 1780-இல் நடைமுறைக்கு வந்த அந்த அரசமைப்பு, திருத்தங்களோடு இன்றும் அம்மாநிலத்தில் நிலவுகிறது. கூட்டாட்சி அரசமைப்பை மாநிலந்தோறும் தனி மாநாடுகளின் ஒப்புதலுக்கு விட்ட முறையில் இதன் தடத்தைக் காணலாம். அம்மாநாடுகளில் மாசசூசெட்ஸ் 1788-இல் 187-க்கு 168 என்ற நூலிழை வேறுபாட்டில்தான் இசைந்தது. அப்போது அது பரிந்துரைத்த திருத்தங்கள் 1791-இன் உரிமைச் சாசனத்துக்கு வழிகோலின.

இந்தச் சாசன மரபு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நிறுவியவர் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அடிமைப் பெண். மாசசூசெட்ஸின் ஷெஃபீல்டு ஊரில் கர்னல் ஜான் ஆஷ்லியின் வீட்டில் பெட் என்ற பெயரில் ஊழியம் செய்தவர் அவர். மனிதர் அனைவரும் சமமானவர், சுதந்திரமானவர் என்று முழங்கிய 1773-ஆம் ஆண்டின் ஷெஃபீல்டு தீர்மானங்கள் அதே வீட்டில்தான் உருவாயின. அவற்றை எழுதியவர்களுள் ஒருவர் வழக்கறிஞர் தியடோர் செட்ஜ்விக். எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று புதிய அரசமைப்பின் முதல் பிரிவும் அறிவித்த பிறகு, அந்தப் பெண் அதே செட்ஜ்விக்கை நாடி, அச்சட்டம் தனக்கும் பொருந்தாதா என்று கேட்டார். 1781-இல் கிரேட் பேரிங்டன் நீதிமன்றத்தில் ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்து, 30 ஷில்லிங் இழப்பீடும் வழங்கினர். ஆஷ்லி மேல்முறையீட்டைக் கைவிட்டார். விடுதலை பெற்ற பெட், எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் சூட்டிக்கொண்டார். ஆஷ்லியின் வீட்டுக்குத் திரும்பாமல், செட்ஜ்விக் குடும்பத்தில் கூலி பெற்று வேலை செய்தார்.