வெளிநாட்டுப் பணம், உள்ளூர்க் கணக்கு

[திரை: தலைப்பு மட்டும்]

அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் அமைப்புக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது என்றதும், சிலர் ‘நல்லதுதானே’ என்பார்கள். சிலர் ‘இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது’ என்பார்கள். இந்தச் சண்டையில் ஒரு கேள்வி காணாமல் போய்விடுகிறது: பணம் வாங்கிய பிறகு அந்த அமைப்பு யாருக்குக் கணக்குச் சொல்கிறது?

அணை கட்டவும் சாலை போடவும் அரசுக்கே தரும் உதவி வேறு. நாம் பேசுவது தொண்டு நிறுவனங்கள், சட்ட உதவி மையங்கள், பத்திரிகையாளர் அமைப்புகள் போன்றவற்றுக்கு வரும் பணம். பட்ஜெட்டை அலச, தேர்தலைக் கண்காணிக்க, டெண்டர் ஊழலைத் தோண்ட இந்தப் பணம் உதவுகிறது. ஐரோப்பிய ஒன்றியம், ஃபோர்டு அறக்கட்டளை, அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய நேஷனல் எண்டோமென்ட் ஃபார் டெமாக்ரசி போன்றவை தருகின்றன.

உள்ளூர்ப் பணக்காரர்கள் தரக்கூடாதா? தரலாம். ஆனால் கோயிலுக்கும் பள்ளிக்கும் தாராளமாகக் கொடுப்பவர்கள், அமைச்சரின் கணக்கைத் துருவும் அமைப்புக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். லைசென்ஸுக்கு நாளைக்கு அதே அமைச்சர் வாசலில்தானே நிற்கவேண்டும்!

[திரை: உகாண்டா வரைபடம். 13 சதவீதம்]

கணக்கு வெளியே வந்தால் என்ன நடக்கும்? உகாண்டாவில் உலக வங்கி ஆய்வாளர்கள் 250 ஆரம்பப் பள்ளிகளில் கணக்கெடுத்தார்கள். 1991 முதல் 1995 வரை, சம்பளம் தவிர்த்து மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மத்திய அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தது. மீதி மாவட்ட அலுவலகங்களோடு நின்றுவிட்டது. அப்புறம் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசு பத்திரிகைகளில் வெளியிட்டது, பள்ளிகளிலும் ஒட்டவைத்தது. 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. பத்திரிகை அறிவிப்பு மட்டுமே காரணமில்லை, அதே காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் தொகை தெரிந்தபின் ‘மீதி எங்கே’ என்று ஒரு பெற்றோரால் கேட்க முடிந்தது.

[திரை: நான்கு கட்டம் உள்ள காலி அட்டவணை]

இனி சிக்கலுக்கு வருவோம். திரையில் இருப்பதற்கு லாக்ஃப்ரேம் என்று பெயர். மானியம் வாங்கும் அமைப்புகளுக்கு இதுதான் ஜாதகம். ஒரு வரிசையை நிரப்பிப் பார்க்கலாம். இலக்கு: உள்ளாட்சியில் பொறுப்புக்கூறலை வலுப்படுத்துதல். நடவடிக்கை: பயிற்சி முகாம்கள். அளவுகோல்: எத்தனை பேர் வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர். சான்று: கையெழுத்துப் பட்டியல், போட்டோ.

முகாம் நடந்தது, சாப்பாடு போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். ரிப்போர்ட்டில் எல்லாம் டிக். ஆனால் முகாமுக்கு வந்த ஒருவர் மறுநாள் அலுவலகத்துக்குப் போய் ‘எங்கள் தெருக் குடிநீர்க் குழாய்க்கு ஒதுக்கிய பணம் என்ன ஆச்சு’ என்று கேட்டாரா? கேட்டதும் மிரட்டினார்களா? அதற்கு அட்டவணையில் கட்டமே கிடையாது. ரிப்போர்ட்டும் ஆங்கிலத்தில், பல ஆயிரம் மைல் தாண்டியிருக்கும் அலுவலருக்குப் போகிறது. அரசிடம் கணக்குக் கேட்கச் சொல்லிக்கொடுத்த அமைப்பு, தன் கணக்கை அந்த ஊருக்குச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் பெரிய உறுத்தல்.

இந்த ஓட்டையை அரசுகள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. வெளிநாட்டுப் பணம் வாங்கி அரசியல் வேலை செய்யும் தொண்டு அமைப்புகள் ‘அந்நிய முகவர்’ என்று பதிவு செய்யவேண்டும் என ரஷ்யா 2012இல் சட்டம் கொண்டுவந்தது. எத்தியோப்பியா 2009இல், வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் அமைப்புகள் மனித உரிமை வேலையே செய்யக்கூடாது என்றது; 2019இல்தான் அந்தச் சட்டம் மாறியது. ஊழலைச் சொன்னவரிடம் ‘உனக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்’ என்று திருப்பிக் கேட்டால், பேச்சு ஊழலை விட்டுப் போய்விடுகிறது.

கொடுப்பவரின் மனமும் நிலையானதில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை 1இல், அந்த உதவியை வழங்கிவந்த அமெரிக்க அரசு நிறுவனமான யுஎஸ்எய்ட் தனி நிறுவனமாக இயங்குவதே முடிவுக்கு வந்தது. அதை மட்டும் நம்பியிருந்த அமைப்புகள் நடுத்தெருவில் நின்றன.

[திரை: ராஜஸ்தான்]

ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நிறுவன நிதியே வாங்குவதில்லை என்று முடிவெடுத்தது. 1994 முதல் ஊர்ப் பொதுவிடத்தில் அரசு வேலைகளின் கணக்கை உரக்கப் படித்தார்கள். கூலி வாங்கியதாகப் பட்டியலில் இருப்பவர் கூட்டத்திலேயே எழுந்து ‘நான் வாங்கவில்லை’ என்பார். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்கு இந்தப் போராட்டம் பெரிய காரணம்.

எல்லோருக்கும் இது சாத்தியமில்லை. வழக்கு நடத்த வக்கீல் வேண்டும், புலனாய்வு நிருபருக்குச் சம்பளம் வேண்டும். அதற்கு வெளிநாட்டுப் பணம் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் மூன்று நான்கு வருடத்துக்குச் சேர்த்து, வாடகைக்கும் சம்பளத்துக்கும் எடுத்துக்கொள்ளும்படி கொடுக்கட்டும். நன்கொடையாளருக்கு அனுப்பும் அதே கணக்கை உள்ளூர் மொழியில், வேலை நடக்கும் ஊரில் படித்துக்காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கட்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது.